'எவர்சில்வர் தூக்குவாளி' தேடினால் 'எதுவும் இல்லை': ஆன்லைன் கடைகளின் தேடல் பெட்டிக்கு நம்ம தமிழ் ஏன் புரிவதில்லை? - முழு விளக்கம்

அம்பத்தூர் ஓ.டி.யிலோ ஆவடி மார்க்கெட்டிலோ ஒரு பாத்திரக்கடைக்குப் போய் "எவர்சில்வர் தூக்குவாளி ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை லிட்டர்?"

அதையே ஒரு ஆன்லைன் கடையின் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள். பல தளங்களில் வரும் பதில், "மன்னிக்கவும், பொருட்கள் எதுவும் கிடைக்கவில்லை". ஆனால் பொருள் அங்கேதான் இருக்கும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மில்க் கேன் வித் லிட்' என்ற பெயரில், உங்கள் கண்ணில் படாமல்.

இது சின்ன எரிச்சல் மாதிரிதான் தெரியும். ஆனால் கடையில் சரக்கு இருந்தும் விற்காமல் போவது, மலிவான பொருள் இருந்தும் விலை அதிகமானது முதலில் வருவது, உள்ளூரில் தயாரானது பத்தாவது பக்கத்தில் புதைந்து கிடப்பது என எல்லாவற்றுக்கும் தொடக்கப்புள்ளி இந்தச் சின்னப் பெட்டிதான். அதற்குள் என்ன நடக்கிறது? சரி செய்ய முடியுமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

தேடல் பெட்டி என்பது இதுவரை கம்ப்யூட்டர் எஞ்சினியர்களின் சமாச்சாரமாக மட்டுமே இருந்தது. இப்போது அது சட்ட விதிகளுக்குள்ளும் வரத் தொடங்கியிருக்கிறது.

2025 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டு மக்களிடம் கருத்து கேட்டது. இறக்குமதிப் பொருட்களை விற்கும் ஆன்லைன் தளங்கள், 'எந்த நாட்டில் தயாரானது' என்பதை வைத்துத் தேடவும் வரிசைப்படுத்தவும் வசதி தர வேண்டும் என்பதே அதன் சாரம். எந்த நாட்டுப் பொருள் என்பதைத் தளத்தில் குறிப்பிட வேண்டும் என்ற விதி முன்பே இருக்கிறது. ஆனால் பொருளைத் திறந்து, கீழே கீழே தள்ளிப் போய்ப் படித்தால்தான் அது தெரியும். தகவல் இருந்தால் மட்டும் போதாது, தேடினால் கிடைக்கவும் வேண்டும் என்பதுதான் இந்த வரைவின் அடிப்படை.

தூக்குவாளிக்கும் அதேதான். பொருள் இருப்பது வேறு, கிடைப்பது வேறு.

தேடல் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

நீங்கள் ஒரு சொல்லைத் தட்டியதும், தளம் தன்னிடம் உள்ள லட்சக்கணக்கான பொருட்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. அப்படிச் செய்தால் பதில் வருவதற்குள் நீங்கள் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிடலாம்.

முன்கூட்டியே ஒரு அகராதி தயாராக இருக்கும். சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு பார்த்திருக்கிறீர்களா? எந்தச் சொல் எந்தெந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்ற பட்டியல். அதே வேலைதான் இங்கேயும். 'குக்கர்' என்ற சொல் எந்தெந்தப் பொருளின் பெயரிலும் விளக்கத்திலும் வருகிறது என்று ஒரு அடைவு இருக்கும். நீங்கள் 'குக்கர்' என்றதும் அந்த வரியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடும்.

பெரும்பாலான தளங்களில் இந்த வேலை மூன்று கட்டமாக நடக்கும்:

- புரிந்துகொள்வது: நீங்கள் தட்டியதைச் சொற்களாகப் பிரித்து, எழுத்துப்பிழையைத் திருத்தி, வேறு பெயர்கள் இருந்தால் சேர்த்துக்கொள்வது.
- பொறுக்குவது: அடைவில் இருந்து பொருந்தும் பொருட்களை எடுப்பது. உங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லாததை இந்தக் கட்டத்திலேயே நீக்கிவிடும் தளங்களும் உண்டு. அதனால்தான் 600053 அம்பத்தூரில் தெரியும் பொருள் 600056 பூந்தமல்லியில் தெரியாமல் போகலாம்.
- வரிசைப்படுத்துவது: எது முதலில், எது கடைசியில் என்று முடிவு செய்வது. விலை, விற்பனை, ரேட்டிங், விளம்பரக் கட்டணம் எல்லாம் இங்கேதான் உள்ளே வருகின்றன.

நம்ம தூக்குவாளி மாட்டிக்கொள்வது முதல் கட்டத்திலேயே. அடைவில் 'எவர்சில்வர்' என்ற சொல்லே இல்லை. விற்றவர் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றுதான் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்று என்று யாரும் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரவில்லை.

இது தமிழுக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2014-இல் அமெரிக்காவின் 50 பெரிய ஷாப்பிங் தளங்களைச் சோதித்தது. அவற்றில் 70 சதவீதத் தளங்களில், தளம் எந்தப் பெயரை வைத்திருக்கிறதோ அதே பெயரைத் தட்டினால்தான் பொருள் கிடைத்தது. ஒரே மொழியில், ஒரே எழுத்தில் தேடுபவர்களுக்கே இந்த நிலைமை.

தமிழில் சிக்கல் எங்கே?

ஐந்து இடங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு மாதிரி.

1. ஒரே பொருள், பல பெயர்

கடாய், வாணலி, இருப்புச்சட்டி, வடைசட்டி. துடைப்பம், விளக்குமாறு, வாரியல், சீமாறு. லுங்கி, கைலி, சாரம். முறம், சுளகு. ஊருக்கு ஊர் பெயர் மாறும்.

சென்னையின் மேற்குப் புறநகர் இதற்குச் சரியான சோதனைக்களம். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டேங்க் ஃபேக்டரியும் 1960-களில் வந்த பிறகு, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களில் இருந்தும் குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் குடும்பங்களும் உண்டு. ஒரே தெருவில் ஒரு வீட்டில் 'சாரம்', எதிர்வீட்டில் 'கைலி', மாடியில் 'லுங்கி'.

இதற்கான தீர்வை நம்ம ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நிகண்டு! ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களைத் தொகுத்துத் தரும் நூல். திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் அந்த வகை. இன்றைய தேடல் மென்பொருளில் 'இணைச்சொல் பட்டியல்' என்று ஒன்று இருக்கிறது. பேர்தான் புதுசு, வேலை நிகண்டு வேலைதான்.

திவாகரத்தில் 'ஒரு சொல் பல்பொருள்' என்றும் ஒரு தொகுதி உண்டு. அது இதன் மறுபக்கம். 'படி' என்றால் அரிசி அளக்கும் படியா, ஏறும் படியா? 'மாலை' என்றால் பூ மாலையா, 'மாலை நேர ஸ்நாக்ஸ்' பாக்கெட்டா? பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினால் பிரசர் குக்கர் தேடுபவருக்கு ரைஸ் குக்கரும், அதற்கடுத்து அரிசியும் வந்து நிற்கும்.

2. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது

போனில் நம்மில் பலர் தட்டுவது தமிழ்ச் சொல்லை, ஆங்கில எழுத்தில். அங்கே எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல், வேறொருவர் எல்-எச். நெடிலுக்குச் சிலர் இரண்டு 'ஏ', சிலர் ஒன்று. 'த'வுக்கு டி போதுமா, டி-எச் வேண்டுமா? முடிவே கிடையாது.

நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் பூந்தமல்லி. பெயர்ப்பலகையில் பூவிருந்தவல்லி. ஆங்கிலத்தில் எழுதுவதைப் படித்தால் 'பூனமல்லி'. மூன்றும் ஒரே ஊர் என்று பஸ் கண்டக்டருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று ஊர்.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது நினைவிருக்கலாம். எந்த எழுத்து சரி என்று பெரிய விவாதம் கிளம்பி, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அரசாணை போட்டும் ஊர்ப் பெயர்களுக்கே ஒரே எழுத்துக்கூட்டல் வரவில்லை என்றால், கருப்பட்டிக்கும் முறுக்குக்கும் எங்கே வரப்போகிறது? ஆக, மக்களை மாறச் சொல்வதில் பயனில்லை. தேடல்தான் எல்லா எழுத்துக்கூட்டலையும் ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும்.

3. ஒட்டினால் ஒரு சொல், பிரித்தால் இரண்டு

'தோசைக்கல்', 'தோசை கல்', 'தோசைக் கல்'. மூன்றும் மூன்று விதமாக அடைவில் ஏறும். தமிழ்ப் பாடத்தில் வலி மிகும் இடம், மிகா இடம் என்று படித்தோமே, அந்தப் புணர்ச்சி விதி இங்கே விற்பனையைத் தீர்மானிக்கிறது.

வேற்றுமை உருபும் அப்படித்தான். 'குக்கருக்கு கேஸ்கட்' என்று தேடினால், 'குக்கருக்கு' என்ற சொல் அடைவில் இருக்காது. 'க்கு'வை வெட்டி 'குக்கர்' என்று எடுக்கத் தெரிய வேண்டும். இதற்கு 'வேர்ச்சொல் பிரிப்பி' தேவை. ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் மென்பொருளோடு சேர்ந்தே வரும். தமிழுக்கும் இலவசக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் யாராவது தேடிப் பிடித்துச் சேர்த்தால்தான் உண்டு.

4. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்

இதுதான் ரொம்ப வேடிக்கையானது. 'கொசுவலை' என்ற சொல்லில் உள்ள 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வோடு முழு ஒகரக் குறியைச் சேர்ப்பது ஒரு வகை. 'க'வோடு கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தளம் இரண்டையும் ஒன்றாக்கும் வேலையைச் செய்யாவிட்டால், விற்பவர் தட்டியது ஒரு 'கொ', வாங்குபவர் தட்டியது இன்னொரு 'கொ'. கொசுவலை கிடைக்காது.

'ஸ்ரீ'க்கும் இதே கதை. அதற்கு யூனிகோடில் இரண்டு குறியீட்டு வரிசைகள் புழக்கத்தில் இருக்கின்றன. கடைப் பெயரில் 'ஸ்ரீ' இருக்கும் வியாபாரிகள் எத்தனை பேர் என்று நம்ம ஏரியாவில் எண்ணிப் பாருங்கள், பிரச்சினையின் அளவு புரியும்.

5. பிழை திருத்தமே பிழையாவது

எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ள மென்பொருள்கள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன: எத்தனை எழுத்து மாறினால் ஒரு சொல் இன்னொன்றாகும்? எலாஸ்டிக்சர்ச் என்ற பிரபல தேடல் மென்பொருளில் உள்ள தானியங்கி அமைப்பில், 2 எழுத்து வரையான சொல்லுக்குப் பிழை அனுமதி இல்லை. 3 முதல் 5 எழுத்து வரை ஒரு பிழை, அதற்கு மேல் இரண்டு பிழை.

ஆங்கிலத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். தமிழுக்கு? 'பால்' என்பது நமக்கு 2 எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ப, கால், ல, புள்ளி என 4 குறிகள். ஆகவே ஒரு பிழைக்கு அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ளும். 'ல'வுக்குப் பதில் 'ய' போட்டால்? 'பாய்'. பால் பாக்கெட் தேடியவருக்குக் கோரைப்பாய் வந்தால், அது கம்ப்யூட்டரின் கோளாறு இல்லை. ஆங்கிலத்துக்கு எழுதிய கணக்கை அப்படியே தமிழுக்கு மாட்டிவிட்டதன் விளைவு.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இதில் என்ன சம்பந்தம்?

நிறைய. வீட்டுச் சாமான் மட்டும் ஆன்லைனில் விற்பதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் திருமுல்லைவாயல் சிட்கோவிலும் உள்ள சிறு பட்டறைகளுக்குத் தேவையான பேரிங், போல்ட், வால்வு எல்லாமே இப்போது இணையத்தில் தேடித்தான் வாங்கப்படுகின்றன.

இங்கே சிக்கல் மொழியில் இல்லை, எண்ணில்.

'6205' என்ற பேரிங்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் தகடு மூடிய வகையை ஒரு கம்பெனி '6205 இசட்இசட்' என்று எழுதும். இன்னொரு கம்பெனி '6205-2இசட்' என்று எழுதும். அளவு ஒன்றே: உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கமான 05-ஐ 5 ஆல் பெருக்கினால் உள்விட்டம் 25 என்பது மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். ஆனால் '25 எம்எம் பேரிங்' என்று தேடினால் 6205-ஐக் காட்ட வேண்டும் என்பது தளத்துக்குத் தெரியுமா? பட்டியலில் 'உள்விட்டம்' என்று தனிக் கட்டம் வைத்து, அதில் 25 என்று நிரப்பியிருந்தால் மட்டுமே தெரியும்.

'எம்8 போல்ட்', 'எம் 8 போல்ட்', '8எம்எம் போல்ட்' மூன்றும் அப்படித்தான். நடுவில் ஒரு இடைவெளி விட்டதற்காக ஆர்டர் கைநழுவிப் போகும். மெஷின் நின்றுபோய், அவசரமாகப் பார்ட் தேடும் பட்டறைக்காரருக்கு இது எரிச்சல் மட்டுமில்லை, அன்றைய கூலி.

பெரிய நிறுவனங்கள் என்ன செய்தன?

தமிழ் பேசும் வாடிக்கையாளர்களை அவர்கள் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது.

- 2020 ஜூன்: ஃப்ளிப்கார்ட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் வந்தன.
- 2020 செப்டம்பர்: அமேசான் இந்தியாவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் வந்தன.
- 2022: மீஷோவில் தமிழ் உட்பட மேலும் 8 இந்திய மொழிகள் சேர்ந்தன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டன்களும் மெனுவும் தமிழில் வருவது வேறு. தேடல் தமிழைப் புரிந்துகொள்வது வேறு. முதலாவது மொழிபெயர்ப்பு வேலை, ஒரு முறை செய்தால் முடிந்தது. இரண்டாவது தினமும் செய்ய வேண்டிய வேலை. மக்கள் என்ன தட்டுகிறார்கள், எதைக் க்ளிக் செய்கிறார்கள், எங்கே வெறுத்துப்போய் வெளியேறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கான கச்சாப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. கூகுள் 2020-இல் வெளியிட்ட 'தக்ஷினா' தரவுத் தொகுப்பில், ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் உட்பட 12 தெற்காசிய மொழிகள் உள்ளன. நம்ம ஐஐடி மெட்ராஸின் 'ஏஐ4பாரத்' குழு உருவாக்கிய 'அக்ஷரந்தர்' தொகுப்பில் 21 இந்திய மொழிகளுக்குச் சுமார் 2.6 கோடி எழுத்துப்பெயர்ப்புச் சொல் இணைகள் இருக்கின்றன. இரண்டுமே பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டவை.

ஏஐ வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். மீதி வேறு மாதிரி சிக்கலாகும்.

புதிய முறையில் சொல்லை அப்படியே பொருத்திப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சொல்லின் அர்த்தத்தையும் எண்களின் வரிசையாக மாற்றி, அர்த்தத்தில் நெருக்கமானதைத் தேடுகிறார்கள். இதில் 'எவர்சில்வர்' தேடினால் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' கிடைக்க வாய்ப்பு அதிகம். அமேசான் தன் 'ரூஃபஸ்' என்ற ஏஐ உதவியாளரை 2024 ஆகஸ்டில் இந்தியாவில் சோதனை முறையில் கொண்டுவந்தது. 'ஹாஸ்டல் போற பையனுக்கு என்னென்ன வாங்கணும்?' மாதிரியான கேள்விகளுக்கு இந்த முறை கைகொடுக்கும்.

சிக்கல் எங்கே? இந்த முறையில் 'இல்லை' என்ற பதில் சுலபத்தில் வராது. எதையாவது 'நெருக்கமானது' என்று காட்டிவிடும். '6205' தேடியவருக்கு '6206' நெருக்கமானதுதான். ஆனால் அதன் உள்விட்டம் 30 மில்லிமீட்டர், மெஷினில் ஏறாது. எண்ணும் பார்ட் நம்பரும் வரும் இடத்தில் பழைய முறைதான் நம்பகமானது. அதனால்தான் இரண்டையும் கலந்து பயன்படுத்தும் தளங்கள் அதிகமாகின்றன.

அடுத்தது பயிற்சி. 2022-இல் அமேசான் ஒரு பெரிய தேடல் தரவுத் தொகுப்பை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. தேடியதும் வந்த பொருளும் சரியான பொருத்தமா, மாற்றுப்பொருளா, துணைப்பொருளா, சம்பந்தமே இல்லையா என்று நான்கு வகையாக மனிதர்கள் குறித்துவைத்த தொகுப்பு அது. மொபைல் தேடினால் சார்ஜர் வருவது சரியா தப்பா என்பதைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர இதுதான் பாடப்புத்தகம். அதில் இருந்த மொழிகள் ஆங்கிலம், ஸ்பானிஷ், ஜப்பானியம். தமிழ் மட்டுமல்ல, எந்த இந்திய மொழியும் இல்லை.

முதலில் வருவது யார்?

இதுவரை பார்த்தது, தேடினால் கிடைக்குமா என்பது. கிடைப்பதில் எது முதலில் நிற்கும்? பணம் விளையாடும் இடம் இதுதான்.

சின்ன ஸ்கிரீனில் முதல் மூன்று நான்கு பொருட்களைத் தாண்டிப் பொறுமையாகத் தள்ளிப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் உண்டு. 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் இருக்கும்.

இந்தியச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

- 2020 நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள்: பொருட்களை அல்லது விற்பனையாளர்களை வரிசைப்படுத்த எந்தெந்த முக்கியக் காரணிகள் பயன்படுகின்றன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்பதைப் பல விற்பனையாளர்கள் விற்கும் சந்தைத் தளங்கள் எளிய மொழியில் விளக்க வேண்டும்.
- 2023 நவம்பர் 30 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள்: வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகள் தடை செய்யப்பட்டன. விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாதபடி மறைத்துக் காட்டுவதும் அதில் ஒன்று.

தேடல் வரிசை நியாயமானதா என்ற சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. தேடல் முடிவுகளில் தன் சொந்த ஷாப்பிங் சேவைக்கு முன்னுரிமை கொடுத்ததாகக் கூகுளுக்கு ஐரோப்பிய ஆணையம் 2017 ஜூனில் 2.42 பில்லியன் யூரோ அபராதம் விதித்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தியாவில், சில விற்பனையாளர்களுக்கு மட்டும் முன்னுரிமை தரப்படுவதாக டெல்லி வியாபாரிகள் அமைப்பு கொடுத்த புகாரில், 2020 ஜனவரியில் அமேசான், ஃப்ளிப்கார்ட் மீது விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. சட்டத்துக்கு உட்பட்டே நடப்பதாக இரு நிறுவனங்களும் கூறி வருகின்றன.

ஓ.என்.டி.சி. இதற்கு மாற்றா?

ஒரு கம்பெனியின் தேடல் பெட்டியையே எல்லோரும் நம்பி இருக்கக் கூடாது என்ற யோசனையில் வந்ததுதான் மத்திய அரசின் ஆதரவு பெற்ற ஓ.என்.டி.சி. நிறுவனம் 2021 டிசம்பர் 31-இல் பதிவானது. 2022 ஏப்ரலில் 5 நகரங்களில் சோதனை தொடங்கியது, அதில் கோயம்புத்தூரும் ஒன்று.

இதில் நீங்கள் ஒரு ஆப்பில் தேடினால், அந்தத் தேடல் வலையமைப்பில் உள்ள வெவ்வேறு விற்பனை ஆப்களுக்கும் போகும். பூந்தமல்லி மளிகைக் கடையும் பெரிய பிராண்டும் ஒரே தேடலில் வரலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே கம்பெனி என்றால் பட்டியலை ஒரே மாதிரி எழுத வைக்கலாம். இங்கே ஆயிரம் கடை, ஆயிரம் விதமான பெயர். ஒருவர் 'து.பருப்பு', இன்னொருவர் 'தூர் தால்', மூன்றாமவர் வெறும் 'பருப்பு 1 கிலோ'. கதவு திறந்திருக்கிறது, உள்ளே சரக்கு கண்டபடி அடுக்கியிருக்கிறது என்ற நிலைமை. பட்டியல் ஒழுங்காகாமல் தேடல் ஒழுங்காகாது.

சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கும் கடைக்காரர்கள் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு உண்மை. உங்களிடம் மொத்தமே 40 பொருட்கள்தான் என்றால், தேடல் பெட்டிக்காகச் செலவு செய்ய வேண்டாம். நல்ல போட்டோவும் தெளிவான பிரிவுகளும் போதும். நூற்றுக்கணக்கில் சரக்கு இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

1. 'கிடைக்கவில்லை' பட்டியலை எடுங்கள். மக்கள் என்ன தேடி, எதுவும் வராமல் போனது? கூகுள் அனலிட்டிக்ஸில் தளத்துக்குள் நடக்கும் தேடல் சொற்களைப் பார்க்கும் வசதி இலவசமாகவே உண்டு. அந்தச் சொற்களை நீங்களே உங்கள் தளத்தில் தட்டிப் பார்த்தால் எது வெறுங்கையோடு திரும்புகிறது என்று தெரிந்துவிடும். வாரம் ஒரு அரை மணி நேரம் போதும்.

2. உங்கள் கடைக்கு ஒரு நிகண்டு எழுதுங்கள். ஒரு எக்செல் ஷீட், ஒரு வரியில் ஒரு பொருள், பக்கத்தில் அதன் எல்லாப் பெயர்களும். கல்லாவில் உட்காருபவருக்கு இது தலைகீழ்ப் பாடம், சாஃப்ட்வேர்காரருக்குத் தெரியாது. ஷாப்பிஃபை கடைகளில் இணைச்சொல் சேர்க்க இலவச ஆப்பே இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் வூகாமர்ஸ் கடைகளின் அடிப்படைத் தேடல், நீங்கள் தட்டிய எழுத்துகள் அப்படியே இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். அங்கே மாற்றுப் பெயர்களை விளக்கத்திலேயே எழுதிவிடுவது சுலபமான வழி.

3. தலைப்பில் 'சூப்பர் குவாலிட்டி' வேண்டாம். அதை யாரும் தேடுவதில்லை. பொருள், உலோகம், அளவு, தமிழ்ப் பெயர் இருக்கட்டும். 'எவர்சில்வர் தூக்குவாளி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 2 லிட்டர்' என்றால் இரண்டு பக்கத்தில் இருந்து தேடுபவர்களும் வந்து சேர்வார்கள்.

4. கட்டங்களைக் காலியாக விடாதீர்கள். அளவு, எடை, நிறம், தயாரான நாடு. வடிகட்டிகள் வேலை செய்வது இவற்றை வைத்துத்தான். நாடு வாரியாகத் தேடும் விதி நடைமுறைக்கு வந்தால், 'இந்தியா' என்று தேர்வு செய்யும் வாடிக்கையாளருக்கு அந்தக் கட்டம் நிரப்பப்படாத பொருள் தெரியாமலே போகலாம். அம்பத்தூரிலேயே தயாரானதாக இருந்தாலும்!

5. பணம் கொடுத்து மென்பொருள் வாங்குவதற்கு முன் சோதனை. 50 சொற்களை எழுதுங்கள். தமிழில் கொஞ்சம், ஆங்கில எழுத்தில் கொஞ்சம், பிழையோடு கொஞ்சம், பார்ட் நம்பர் கொஞ்சம். விற்க வருபவரின் டெமோவில் அந்த 50-ஐயும் தட்டச் சொல்லுங்கள். பவர்பாயின்ட் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

வாங்குபவர்கள் என்ன செய்யலாம்?

- ஒரு பெயரில் கிடைக்கவில்லை என்றால் 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். தமிழ், ஆங்கிலம், வேறு ஊர்ப் பெயர் என மாற்றிப் பாருங்கள். போட்டோ வைத்துத் தேடும் வசதி இருந்தால் அதுவும் கைகொடுக்கும்.
- நீளமாகத் தட்டுவதை விட இரண்டு மூன்று முக்கியச் சொற்கள் போதும். மீதியை விலை, அளவு வடிகட்டிகளில் தேர்வு செய்யுங்கள்.
- முதலில் வருவதுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். 'ஸ்பான்சர்டு' என்று இருக்கிறதா பாருங்கள். விலை வாரியாக ஒரு முறை வரிசை மாற்றிப் பாருங்கள்.
- விளம்பரத்தை மறைத்துக் காட்டி ஏமாற்றியதாகத் தெரிந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

கடைசியாக...

தேடல் பெட்டி ஒரு கடைக்காரர் மாதிரி. எந்தச் சரக்கு எந்த அலமாரியில் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எதிரே நிற்பவர் என்ன மொழியில், என்ன பெயரில் கேட்கிறார் என்பதும் தெரிய வேண்டும். நம்ம ஊர்க் கடைக்காரர்கள் இதை யாரும் சொல்லித்தராமலே செய்கிறார்கள். தெலுங்கில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள், தப்பாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

தொழில்நுட்பம் இன்று கையில் இருக்கிறது. தமிழ்த் தரவுகளும் சேர்ந்து வருகின்றன. மீதி இருப்பது, தமிழில் தேடுபவரையும் முழு வாடிக்கையாளராக மதித்து அந்த வேலையைச் செய்ய நிறுவனங்கள் ஆள் போடுவதுதான். அதுவரை, கையில் பணத்தோடு வந்த வாடிக்கையாளரை 'எதுவும் கிடைக்கவில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்புவது நடந்துகொண்டேதான் இருக்கும். அதில் நஷ்டம் வாங்குபவருக்கு மட்டுமில்லை, சரக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும் விற்பவருக்கும்தான்.